கொளஞ்சியம்மாளின் டெமோ வகுப்பு

கொளஞ்சியம்மாள் என்ற பெயரைக் கேட்டுவிட்டு, எழுபது வயது மூதாட்டி ஒருவரை எதிர்பார்த்துப் பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்தில் வந்து இறங்கிய ஆராய்ச்சி மாணவர்கள் பலரை எனக்குத் தெரியும். உரக்கடை மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்து, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடமே, "மேடம் வந்துட்டாங்களா?" என்று கேட்பார்கள். "வந்துட்டாங்க, உக்காருங்க" என்பார் அவர், துடைப்பதை நிறுத்தாமல். அவருக்கு வயது முப்பத்தெட்டு. வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அந்தப் பெயரை வைத்தது குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்ட அவருடைய அப்பா அங்கமுத்து. பின்னால் 'அம்மாள்' சேர்த்தது பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதிய தலைமையாசிரியர். இரண்டு பேரையும் அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் தமிழரசன். வரலாறு. அவர் வேலை பார்க்கும் அரசுக் கலைக் கல்லூரியில்தான் நானும் கௌரவ விரிவுரையாளன். நிரந்தரப் பேராசிரியர் பார்க்கும் வேலை அத்தனையும் நாங்களும் பார்ப்போம், ஒப்பந்தத்தில். ஜூனில் சேர்த்துக்கொள்வார்கள், ஏப்ரல் முடிந்தால் முடிந்தது. மே மாதத்தில் எங்களுக்குக் கௌரவம் கிடையாது. இப்படி நான் ஒன்பது வருஷம் ஓட்டியிருக்கிறேன், அவர் பதினோரு வருஷம்.

அந்த உரக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பை அவர் தொடங்கியது ஆறு வருஷத்துக்கு முன்னால். காரணம் எளிது. முனைவர் பட்டத்துக்குச் சேருகிறவரை ஐந்து வருஷம், ஆறு வருஷம் ஆய்வகத்தில் வைத்திருக்கிறார்கள். வெளிநாடு போனால் இன்னும் நாலு வருஷம். அத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அறுபது பிள்ளைகள் முன்னால் நின்று எப்படிப் பாடம் சொல்வது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. பிறகு கல்லூரி வேலைக்கு நேர்காணல் வந்தால், "பதினஞ்சு நிமிஷம் டெமோ கிளாஸ் எடுங்க" என்று சாக்பீஸைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல நல்ல ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய்க் கரும்பலகையோடு பேசிவிட்டு வெளியே வருவார்கள்.

ஆரம்பத்தில் ஆராய்ச்சி முடித்த நாங்களே ஒருவருக்கொருவர் வகுப்பெடுத்துப் பார்த்துக்கொண்டோம். எல்லாரும் டாக்டர், எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது. "சூப்பர் சார்", "சான்ஸே இல்ல மேடம்" என்று பாராட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம். நாலு மாதம் இப்படிப் போனது. நேர்காணலுக்குப் போனவர்களில் ஒருவரும் தேறவில்லை. கொளஞ்சியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"படிச்சவங்க முன்னாடி நடத்தறது வகுப்பே இல்ல. அது வைவா" என்றார். அடுத்த ஞாயிறு தன்னுடைய முதலாமாண்டு மாணவர்கள் எட்டுப் பேரை அழைத்து வந்துவிட்டார். எல்லாரும் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள். அன்றிலிருந்து வருஷா வருஷம் புதிதாக எட்டுப் பேர் வருவார்கள். அவர்கள் வந்து உட்காருவதற்குக் கூலியாக, டெமோ முடிந்ததும் ஒரு மணி நேரம் அவர்களுக்கு வராத பாடத்தை இவர் நடத்த வேண்டும். அதோடு பஜ்ஜி. பஜ்ஜி என் பொறுப்பு.

அவர் ஒரு விதியும் வைத்தார். வகுப்பு முடிந்ததும் மற்ற ஆராய்ச்சியாளர்கள் வாயைத் திறக்கக் கூடாது. நடத்தியவர் போய் மாணவர்களோடு பெஞ்சில் உட்கார வேண்டும். மாணவர்களில் ஒருவர் எழுந்து வந்து, அதே பாடத்தைத் தனக்குப் புரிந்த அளவில் திரும்ப நடத்த வேண்டும். "நீங்க சொன்னது ஒங்க பாடம் இல்லீங்க. அவங்க திருப்பிச் சொல்றதுதான் ஒங்க பாடம்" என்பார்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறதல்லவா? நான் ஒரு தடவை ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு பற்றிப் பதினைந்து நிமிஷம் முழங்கினேன். வினோதினி என்ற பெண் எழுந்து வந்து, "மார்ச்சுல ஒண்ணு நடந்துச்சு, மே மாசத்துல ஒண்ணு நடந்துச்சு, அப்புறம் ஜூன்ல..." என்று மாதங்களைச் சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்தேன். என் ஒன்பது வருஷ அனுபவம் வெறும் காலண்டராகிவிட்டது.

இந்தப் பயிற்சி முறை அவருக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. ஆண்டிமடம் பக்கத்தில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு காலனியில் பிறந்தவர். அங்கே அவர்களுக்குச் சொந்தமாக ஒரு மரம்கூடக் கிடையாது. அப்பா தோப்புக் கூலி. அம்மா மருதாயி முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். கொட்டைத் தோலில் இருக்கிற எண்ணெய் பட்டுப் பட்டு அம்மாவின் விரல்கள் தோலுரிந்து கறுத்துக் கிடக்கும். தமிழ் வழியில் படித்துப் பள்ளியில் முதலாவதாக வந்த மகள், கல்லூரியில் வேதியியல் சேர்ந்தாள். முதல் பருவம் முழுக்க ஆங்கிலத்தில் ஒரு வரி புரியவில்லை. ஆனால் வகுப்பில் வாய் ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அது எப்படி என்று நம் ஊரில் படித்த எல்லாருக்கும் தெரியும். ஆசிரியர் ஒரு வார்த்தையைப் பாதி சொல்லி நிறுத்துவார், மீதியை வகுப்பு கத்தும். "இட் இஸ் எ கெமிக்கல் ரியா...?" என்பார் அவர். "க்ஷன்!" என்று அறுபது குரலும் சேர்ந்து முடிக்கும். "புரிஞ்சுதா?" "எஸ் மேம்!" ஆசிரியர் மகிழ்ச்சியாகப் போவார். அந்தப் பருவத் தேர்வில் கொளஞ்சியம்மாள் இரண்டு தாளில் பெயில். "பாதி வார்த்தைய முடிக்கிறதுக்கு மூளையே வேணாம் சார். நாக்கு போதும். நான் ஆறு மாசம் நாக்கை வச்சே படிச்சேன்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். அந்தக் கோபம்தான் இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே வந்துகொண்டிருக்கிறது.

ஜெயசீலன் வந்தது போன ஜூனில். சர்க்கரை ஆலை இருக்கிற எறையூரில் கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் பிறந்து, திருச்சியில் டாக்டர் பட்டம் வாங்கி, ஆறு வருஷம் கொரியாவில் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பியவர். நாற்பத்தொரு வயது. ஒப்பந்தம் முடிந்து வந்து எட்டு மாதமாக வேலை இல்லை. தனியார் கல்லூரி ஒன்றில், ஊர் ஊராகப் போய் மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடித்துத் தந்தால் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த அவமானத்தைத் தாங்க முடியாமல்தான் இங்கே வந்தார். இருந்தாலும் வந்த முதல் நாள், முப்பத்திரண்டு ஆராய்ச்சிக் கட்டுரை போட்டதை மூன்று தடவை சொன்னார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவருடைய முதல் டெமோ வினையூக்கியைப் பற்றி. அவர் கரைத்துக் குடித்த விஷயம். வகுப்பு களை கட்டியது. "வினையூக்கி வினைய வேகப்படுத்தும், ஆனா தான் மட்டும் மாற்றம் அடை...?" என்று கையை உயர்த்தினார். "யாது!" என்று கூரை அதிர்ந்தது. ஆராய்ச்சியாளர்கள் கை தட்டிவிட்டார்கள். கொளஞ்சியம்மாள் தட்டவில்லை.

"வினோதினி, நீ வாம்மா" என்றார்.

வினோதினி சாக்பீஸை வாங்கிக்கொண்டு நின்றாள். "வினையூக்கின்னா..." என்றாள். நெற்றியைத் துடைத்தாள். "அடையாது" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

ஜெயசீலனுக்கு முகம் சிவந்துவிட்டது. "மேடம், இந்தப் பொண்ணு சரியா கவனிக்கல. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"கவனிக்காம இல்லீங்க சார். ஒங்ககூடவே கத்திக்கிட்டு இருந்துச்சு. யோசிக்க எங்க நேரம் குடுத்தீங்க?"

"கொரியாவுல என் லெக்சருக்கு புரொபசருங்க வந்து உக்காருவாங்க."

"அவங்களுக்கு நீங்க வேணாம் சார். இவங்களுக்குத்தான் வேணும்."

அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். பஜ்ஜிகூடச் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் வந்து, கடைசி பெஞ்சில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

நாலு மாதத்தில் அவர் அடியோடு மாறினார். பாதி வார்த்தையை விடுவதை நிறுத்தினார். கரும்பலகையைப் பார்த்துப் பேசுவதை விட்டார். சர்க்கரை ஆலையையும் கரும்புச் சாற்றையும் வைத்து உதாரணம் சொல்லக் கற்றுக்கொண்டார். வினோதினி அவர் நடத்தியதை அழகாகத் திருப்பி நடத்தத் தொடங்கினாள். ஒரே ஒரு குறை மட்டும் மிச்சம் இருந்தது. கேள்வி கேட்பார், கேட்ட மறு விநாடியே பதிலையும் அவரே சொல்லிவிடுவார். வகுப்பு மௌனமாக இருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

பொதுவாக எங்களில் எல்லாருக்கும் இருக்கும் குறைதான். இதற்குக் கொளஞ்சியம்மாளிடம் மருந்து உண்டு. ஆனால் அதை அவர் கடைசியாகத்தான் சொல்வார், அதுவும் தனியாகக் கூப்பிட்டு. முதலிலேயே சொன்னால் கவனமெல்லாம் அதிலேயே போய் மற்றதெல்லாம் கெட்டுவிடும் என்பது அவர் கணக்கு. ஜெயசீலனுக்கு இன்னும் அதைச் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்த விளம்பரம் வந்தது. அரியலூரைத் தாண்டி ஓர் அரசு உதவி பெறும் கல்லூரி, பெயர் வேண்டாம். வேதியியலில் உதவிப் பேராசிரியர், நிரந்தரம், ஒரே ஓர் இடம். சிபாரிசு செல்லாத நிர்வாகம் என்று பெயரெடுத்த இடம், அதனால் எங்களைப் போன்றவர்கள் நம்பிப் போகலாம். கொளஞ்சியம்மாள் விண்ணப்பம் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை ஜெயசீலன் தயங்கித் தயங்கி வந்து, "மேடம், நானும் போட்டிருக்கேன்" என்றார்.

"போடுங்க சார். அதுக்குத்தானே இவ்வளவும்" என்றார் இவர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

எல்லாரும் போன பிறகு மாடிப்படியில் நான் விடவில்லை. "மேடம், அவருக்கு இனிமே ஒரு வார்த்த சொல்லிக்குடுக்காதீங்க."

"பாக்கலாம் சார்."

"என்ன பாக்கறது? பதினோரு வருஷம் ஆச்சு."

அவர் ஒரு படியில் நின்றார். "அம்மாவ முந்திரி ஒடைக்கிறத நிறுத்தச் சொல்லணும் சார். ஒவ்வொரு தடவ ஊருக்குப் போறப்பவும் 'நெரந்தரம் ஆயிடுச்சா'ன்னு கேக்குது. அது ஒண்ணு. இன்னொண்ணு, ஒரு பேட்ச்ச மொத வருஷத்துலேருந்து மூணாவது வருஷம் வரைக்கும் நானே கொண்டுபோவணும். இங்க ஒவ்வொரு செமஸ்டரும் வேற வேற கிளாஸ்ல தூக்கிப் போடுறாங்க. இன்னைக்குச் சொன்னத நாளைக்குத் தொடர முடியல." சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கினார். தனக்கு என்ன வேண்டும் என்று அவர் வாய் திறந்து சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நேர்காணல் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு ஜெயசீலன் அமிலம், காரம் நடத்தினார். நன்றாகவே நடத்தினார். "எலுமிச்சம்பழம் பித்தளைப் பாத்திரத்த ஏன் பளபளன்னு ஆக்குது?" என்று கேட்டார். வினோதினி வாயைத் திறக்கப் போனாள். அதற்குள், "ஏன்னா..." என்று தொடங்கிவிட்டார். இப்படியே ஏழு கேள்வி. ஏழுக்கும் அவரே பதில். நான் கொளஞ்சியம்மாளைப் பார்த்தேன். அவர் ஏழையும் கவனித்திருந்தார்.

வகுப்பு முடிந்தது. ஜெயசீலன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேடம், வேற ஏதாவது சரி பண்ணணுமா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்றார்.

கொளஞ்சியம்மாள் உடைந்த சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நல்லா இருக்கு சார். ஒண்ணும் இல்ல" என்றார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாடா, இந்த அம்மாளுக்கும் பிழைக்கத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த வாரம் அவர் ஒரு நிலையில் இல்லை. திங்கட்கிழமை வேறு வகுப்புக்குள் நுழைந்துவிட்டுத் திரும்பி வந்தார். செவ்வாய்க்கிழமை என்மேல் எரிந்து விழுந்தார், நான் செய்தது ஜன்னலைச் சாத்தியது மட்டும்தான். புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "அவரு கேட்டாரு சார். எதுவா இருந்தாலும் சொல்லுங்கன்னு கேட்டாரு" என்றார்.

"போட்டிக்கு நிக்கிறவனுக்கு யாராவது சொல்லிக்குடுப்பாங்களா மேடம்? சாப்பிடுங்க."

"அவரு போட்டிக்காரர்கிட்ட கேக்கல. டீச்சர்கிட்ட கேட்டாரு."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப அவரே வேலைய எடுத்துக்கட்டும், நீங்க மே மாசம் வீட்டுல இருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு அவரோடு நானும் பஸ் ஏறினேன்.

ஏழு பேர் வந்திருந்தார்கள். பெயர் வரிசையில் ஜெயசீலன் நாலாவது, இவர் ஐந்தாவது. ஆளுக்கொரு சீட்டில் பாடத் தலைப்பு எழுதிக் கொடுத்து, தயாராவதற்கு அரை மணி நேரம் தந்தார்கள். அந்தக் கல்லூரியின் முதலாமாண்டு மாணவர்களே வகுப்பில் இருந்தார்கள். முன் வரிசையில் தேர்வுக் குழு நாலு பேர். வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தது. ஜெயசீலன் ஒரு முனையில் உட்கார்ந்து உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். இவர் மறு முனையில் சீட்டை வெறித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஆள் வெளியே வந்ததும் கொளஞ்சியம்மாள் எழுந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. "மேடம், வேணாம்" என்றேன். காதில் விழாத மாதிரி நடந்து போய் ஜெயசீலன் முன்னால் நின்றார்.

"சார், ஞாயித்துக்கெழம ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்ல. பொய் சொன்னேன்."

ஜெயசீலன் நிமிர்ந்து பார்த்தார்.

"கேள்வி கேட்டுட்டு நீங்களே பதில் சொல்லிடறீங்க. கேட்டதும் வாய மூடிக்கிட்டு மனசுக்குள்ள எட்டு எண்ணுங்க. மெதுவா. எட்டு வரைக்கும் யாரும் பேசலன்னா கேள்விய வேற மாதிரி கேளுங்க. பதில மட்டும் நீங்க சொல்லாதீங்க."

"இத ஏன் மேடம் அன்னைக்கே சொல்லல?"

"நானும் இதே வேலைக்குத்தான் வந்திருக்கேன் சார்."

ஜெயசீலன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வகுப்பறை ஜன்னல்கள் திறந்தே இருந்தன. நான் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து உள்ளே நடப்பது தெரிந்தது, பேசுவதும் நன்றாகக் கேட்டது. ஜெயசீலன் முதல் கேள்வியைக் கேட்டார். பிறகு நிறுத்தினார். வகுப்பு மௌனமாக இருந்தது. அவர் முகம் வெளிறிப்போனது எனக்கே தெரிந்தது. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாளைப் புரட்டிக்கொண்டிருந்த குழுத் தலைவர் நிமிர்ந்தார். நானும் எண்ணினேன், தடுமாறித் தொலைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே எண்ணினேன். ஆறில் ஒரு பையன் எழுந்தான். பதில் பாதி சரி. அடுத்து ஒரு பெண் எழுந்து மீதியைச் சொன்னாள். அதன் பிறகு அந்த வகுப்பை நிறுத்த முடியவில்லை. நான் வேப்பமரத்தை ஒரு குத்துக் குத்தினேன்.

அடுத்து கொளஞ்சியம்மாள். தலைப்பு, வெப்பத்தை வெளியேற்றும் வினைகள். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் ஏன் கொதிக்கிறது என்று ஆரம்பித்தார். சுண்ணாம்புக் கல் சூழ்ந்த ஊர்ப் பிள்ளைகள், எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் பாடத்தைப் பிள்ளைகளே நடத்திக்கொண்டிருந்தார்கள், இவர் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்த வகுப்புகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை. முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது அனிதா என்ற பெண் எழுந்தாள்.

"மேம், எங்கப்பா கொத்தனாரு. சுண்ணாம்பு தண்ணி பட்டதும் கொதிக்குது, சரி. ஆனா சிமெண்ட்டு அப்படி இல்லையே. காலையில தளம் போட்டா சாயங்காலந்தான் நல்லா சுடுது. நடுவுல அவ்ளோ நேரம் ஏன் சும்மா கெடக்குது?"

கொளஞ்சியம்மாள் அவளையே பார்த்தார். வகுப்பைப் பார்த்து, "யாருக்காவது தெரியுமா?" என்றார். யாரும் பேசவில்லை. "எனக்கும் தெரியலம்மா. இத நான் யோசிச்சதே இல்ல. தேடிப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார்.

முன் வரிசையில் ஒருவர் சிரித்தார். "வந்தாத்தானே சொல்லுவீங்க" என்றார். இன்னொருவர் தாளில் என்னவோ எழுதினார்.

அடுத்த புதன்கிழமை உத்தரவு ஜெயசீலனுக்குப் போனது. டெமோவில் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணாம், அவருடைய முப்பத்திரண்டு கட்டுரைகள் மீதியைப் பார்த்துக்கொண்டனவாம். இவருடைய தாளில் 'பாட அறிவில் இடைவெளி' என்று ஒருவர் குறித்திருந்ததாக அங்கே அலுவலகத்தில் இருக்கும் என் நண்பர் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற வாத்தியாரைக் கையில் வைத்துக்கொண்டு இடைவெளி என்று எழுதுகிறார்களே, இவர்களை என்ன சொல்வது. ஜெயசீலன் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். "நல்லபடியா சேருங்க சார், வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டுக் கொளஞ்சியம்மாள் போனை வைத்தார். இரண்டு நாள் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார், கரும்பலகையைத் துடைத்தார், ஒரு விலங்கியல் பெண்ணை ஒரு மணி நேரம் வறுத்தெடுத்தார்.

மூன்று வாரம் கழித்து ஜெயசீலனிடமிருந்து மறுபடி போன். கொளஞ்சியம்மாள் கையில் விடைத்தாள் கட்டு, அதனால் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், அந்தக் கொத்தனார் பொண்ணு தெனம் கேக்குது. அந்த மேம் வந்து சொல்றேன்னாங்களே, எப்ப சார் வருவாங்கன்னு."

"நீங்களே சொல்லிருக்கலாமே சார். ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் மேடம். நான் சொல்லல. நீங்கதானே வந்து சொல்றேன்னீங்க."

கொளஞ்சியம்மாள் விடைத்தாளைக் கீழே வைத்தார். நேர்காணல் முடிந்த மறுநாளே அவர் அந்தக் கேள்வியைத் தேடிப் படிக்கத் தொடங்கியிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. யாருக்குச் சொல்லப் போகிறோம் என்று தெரியாமலே பதினோரு கட்டுரை படித்து நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

துறைத் தலைவரிடம் ஜெயசீலன் அனுமதி வாங்கினார். வியாழக்கிழமை போனோம். வாசலில் வாட்ச்மேன் பெரிய நோட்டை நீட்டினார். யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் கொளஞ்சியம்மாள், 'முதலாமாண்டு வேதியியல்' என்று எழுதினார். "ஆள் பேரு எழுதுங்கம்மா" என்றார் வாட்ச்மேன். "நாப்பத்தெட்டுப் பேரு இருக்காங்க" என்றார் இவர். அவர் நோட்டை வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்.

ஜெயசீலன் மாணவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கொளஞ்சியம்மாள் அனிதாவைப் பார்த்துச் சொன்னார். "தண்ணி பட்டதும் சிமெண்ட்டுத் துகள் லேசா கரையும், அப்ப கொஞ்சம் சூடு வரும். அப்புறம் சில மணி நேரம் வேகம் கொறஞ்சிடும். அந்த நேரம் இருக்கறதாலதான் ஒங்கப்பாவால கலவைய அள்ளிக் கொட்டிச் சமப்படுத்த முடியுது. அதுக்கப்புறம் உள்ள புதுசா படிகம் வேகமா வளர ஆரம்பிக்கும். சாயங்காலம் நீ கை வச்சுப் பாக்கற சூடு அதுதான். ஆனா நடுவுல ஏன் அப்படி மெதுவாவுதுன்னு கேட்டியே, அதுக்கு விஞ்ஞானிங்களே ரெண்டு மூணு விதமா பதில் சொல்றாங்க. இன்னும் முடிவாகல. நீ கேட்ட கேள்வி லேசுப்பட்டது இல்ல."

அனிதா உட்காரவில்லை. "அப்ப சக்கர விழுந்தா சிமெண்ட்டு இறுகாதுன்னு எங்கப்பா சொல்வாரே மேம், அது ஏன்?" பின்னாலிருந்து ஒரு பையன் எழுந்தான். எறையூர்க்காரரான ஜெயசீலன் சர்க்கரை என்றதும் சிரித்துவிட்டார். ஐந்து நிமிஷம் என்று போனது மணி அடிக்கும்வரை நடந்தது. வெளியே வரும்போது, "நாளைக்கும் வருவீங்களா மேம்?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். "சார்கிட்ட கேளுங்கம்மா. அவரு நல்லா சொல்லித்தருவாரு" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. முன்னால் ஒரு சிமெண்ட் லாரி வழி விடாமல் போய்க்கொண்டிருந்தது. கொளஞ்சியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் அழுவதைக் கவனித்தேன். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. அடுத்த சீட்டில் இருந்த அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"அந்த வேல எனக்குக் கெடச்சிருக்கணும் சார்" என்றார்.

"ஆமா மேடம். ஒங்களுக்குத்தான் கெடச்சிருக்கணும்."

"அந்தப் புள்ளைங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கு."

ஜெயசீலனுக்கு அன்றைக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம் மேடம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவரே முந்திக்கொண்டார்.

"நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு தெரியுது. சொல்லாமத்தான் இருக்கணும்னு இருந்தேன்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "அஞ்சு நாளு இருந்து பாத்தேன் சார். முடியல."